பழியெல்லாம் ஃபர்ம்வேர் மேல்

"ஏன்டா, அந்த வேகமான வைஃபை மறுபடியும் காணோம்" என்று ஹாலில் இருந்து அம்மா குரல் கொடுத்தபோது மணி இரவு எட்டரை. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. எங்கள் வீட்டு ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது, அவ்வளவுதான் கணக்கு. மனைவி சமையலறையில் இருந்தபடியே, "நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் மூன்று வாரம் முன்புதான் ரூட்டரில் கம்பெனி போட்டுக் கொடுத்த ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை இயக்குகிற உள் மென்பொருளை, தூக்கிவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஃபர்ம்வேரைப் போட்டிருந்தேன்.

ஏன் போட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 50 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன், போகவும் வரவும் அதே வேகம். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் வீட்டில் யாராவது கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, அந்த நானூறு போட்டோவும் க்ளவுடுக்கு ஏற ஆரம்பித்தால் என் ஆபீஸ் காலில் எதிராளிக்கு என் குரல் ரோபோ மாதிரிக் கேட்கும். சும்மா இருக்கும்போது பிங் (ஒரு சின்னத் தகவல் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) 6 மில்லிசெகண்ட், அப்லோடு ஓடும்போது 300-ஐத் தாண்டும். இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். வழியில் எங்கோ ஒரு பெட்டி, வருகிற தகவல் பாக்கெட்டையெல்லாம் கைவிடாமல் நீளமான வரிசையில் நிற்க வைத்துக்கொள்கிறது, நம் குரல் பாக்கெட் அந்த நானூறு போட்டோவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் கோடெல் என்று ஒரு வழி சொன்னார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதைப் பார். அதன் வழிவந்த கேக் என்ற நிரல் 2018-இல் லினக்ஸ் 4.19-க்குள்ளேயே வந்துவிட்டது. என் ரூட்டரில் கம்பெனி போட்டுக் கொடுத்த ஃபர்ம்வேரில் அது இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் என்ற கூடுதல் நிரல் பொதியைப் போட்டு, வேகத்தை 50-க்குப் பதில் 45 என்று கட்டிப் போட்டால் வரிசை நம் ரூட்டருக்குள் வந்துவிடும், அங்கே கேக் பார்த்துக்கொள்ளும். போட்டேன். அப்லோடு நடக்கும்போதே பிங் 12. அந்த ஒரு எண்ணுக்காக எதையும் செய்யலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

ரூட்டரில் வேறு ஃபர்ம்வேர் போடலாம் என்பதே ஒரு விபத்தில் பிறந்த சௌகரியம்தான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டி 2002 கடைசியில் வந்தது. உள்ளே லினக்ஸ் ஓடுகிறது என்று அடுத்த வருடம் ஆட்கள் கண்டுபிடித்து, ஜிபிஎல் உரிமப்படி மூல நிரலைக் கொடு என்று கேட்க, கம்பெனியும் வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து 2004-இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரில் இருக்கும் 'டபிள்யூஆர்டி' அந்தப் பெட்டியின் பெயர்தான். அப்புறம் அதே மாடலின் ஐந்தாம் பதிப்பில் ஃப்ளாஷை 4 எம்பியில் இருந்து 2-ஆகவும், ராமை 16-இல் இருந்து 8-ஆகவும் பாதியாக்கி, லினக்ஸையே எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு ஜிஎல் என்று தனியாக ஒன்று வந்தது. வெளியே பெயரும் பெட்டியும் ஒன்று, உள்ளே சரக்கு வேறு. இந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. அதனால் ஃபர்ம்வேர் தேடுவதற்கு முன்னால் ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பதிப்பு எண் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். வி4-க்கான ஃபைலை வி5-இல் ஏற்றி அழுதவர்கள் நிறையப் பேர்.

என் ரூட்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, காரணம் பிறகு புரியும். குவால்காம் ஏதெரோஸ் சிப், 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ராம். முதல் தடவை ஏற்றியது சுலபமாகவே முடிந்தது. கம்பெனி ஃபர்ம்வேரில் இருந்து மாறுவதற்கு ஃபேக்டரி என்று முடியும் ஃபைல், ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருந்தால் சிஸ்அப்கிரேடு என்று முடியும் ஃபைல். இறக்கியதும் ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று ஷா256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன், வைஃபையை நம்பாமல் கேபிள் போட்டேன், கரண்ட் போனாலும் தாங்கும்படி யூபிஎஸ்ஸில் செருகினேன். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: ஏற்றி முடித்தவுடன் ஏஆர்டி என்ற பகுதியைக் காப்பி எடுத்து வேறு எங்காவது வையுங்கள். 64 கேபிதான். உங்கள் ரூட்டரின் ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து சரிசெய்த கணக்கு அதில்தான் இருக்கிறது, பெட்டிக்குப் பெட்டி வேறுபடும், போனால் இறக்கிக்கொள்ள இணையத்தில் எங்கும் கிடைக்காது. லூசியின் பேக்கப் பக்கத்திலேயே அதற்குப் பட்டன் இருக்கிறது. (லூசி என்பது அதன் வெப் இடைமுகத்தின் பெயர். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டார்கள்.)

சோதனை என்று நான் செய்ததும் ஒன்றும் மோசமில்லை என்றுதான் நினைத்தேன். ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலை ரூட்டரிலேயே ஓடவிட்டு 'வைஃபை ஸ்லோ' என்று சொல்கிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் வைஃபையை அளக்கவில்லை, ரூட்டரின் ஏழை சிபியுவை அளக்கிறோம். கேபிளில் ஒரு லேப்டாப், வைஃபையில் ஒரு லேப்டாப், இரண்டுக்கும் நடுவில் ரூட்டர் வெறுமனே கடத்திவிடுகிற வேலையை மட்டும் பார்க்க வேண்டும். அப்படித்தான் அளந்தேன். படுக்கை அறை, பால்கனி, மொட்டை மாடிப் படிக்கட்டு என்று எண்களை நோட்டில் எழுதி வைத்தேன். எல்லாமே பழையதைவிட நன்றாக இருந்தது, அல்லது சமமாக இருந்தது.

பத்து நாள் கழித்துத்தான் அந்த மாலை நேரத் தொல்லை ஆரம்பித்தது. ஏழரையில் இருந்து ஒன்பதுக்குள் எப்போதாவது 5 கிகாஹெர்ட்ஸ் காணாமல் போகும், ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே வந்துவிடும். வீட்டில் எல்லோரும் சொன்னது 'வேகமானது போகுது, மற்றது இருக்கு' என்பதுதான். என் சிப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏதெ10கே என்ற டிரைவர், அதாவது ரேடியோவை இயக்குகிற நிரல். அதில் இரண்டு வகை இருக்கிறது: சாதாரணமானது ஒன்று, கேண்டெலா டெக்னாலஜிஸ் திருத்தியது ஒன்று, அதைச் சிடி என்பார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் தானாக வருவது சிடி. இது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதைப் போட்டுப் பார், அது ஒத்துக்கொள்ளாவிட்டால் இதைப் போட்டுப் பார் என்பது அந்த உலகத்தில் பாட்டி வைத்தியம் மாதிரி. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ரூட்டர் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கிற லாகைப் பார்த்தால், டிரைவர் விழுந்தால் வரவேண்டிய 'ஃபர்ம்வேர் க்ராஷ்டு' வரியே இல்லை. லாக் ராமில்தான் இருக்கும், ரூட்டர் ரீபூட் ஆனால் அத்தனையும் போய்விடும். கடைசியாக எழுந்து எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அப்டைமைப் பார்த்தேன்: ஒன்றே முக்கால் மணி நேரம். ஆக ரேடியோ மட்டும் விழவில்லை, பெட்டியே ரீபூட் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் 2.4 மட்டும் எப்படித் தப்பித்தது? இதற்கு விடை நான் போட்ட சேனலில் இருந்தது, கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் 36-இலும் 149-இலும் குவிந்து கிடக்க, புத்திசாலித்தனமாக நான் சேனல் 100-க்குப் போயிருந்தேன். அது ரேடாருடன் பங்கு போடுகிற அலைவரிசை, டிஎஃப்எஸ் விதிப்படி ரூட்டர் ஒவ்வொரு தடவை எழும்போதும் 60 விநாடி வாயை மூடிக்கொண்டு ரேடார் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கும். அதனால் ரீபூட்டானதும் 2.4 உடனே வந்துவிடும், போன்கள் சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும், 5 மட்டும் ஒரு நிமிடம் பிந்தி வரும். வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு 'வேகமானது மட்டும் போகுது'. அவர்கள் சொன்னது பொய்யில்லை, நான் அர்த்தம் பண்ணிக்கொண்டதுதான் கோணல்.

சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை எழுப்பி, ரூட்டரின் லாக் அங்கே போய்ச் சேரும்படி செய்தேன். அடுத்த தடவை விழுந்தபோது போய்ப் பார்த்தால், லாக் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பாதியில் நிற்கிறது, அடுத்த வரி புது பூட்டின் முதல் வரி. அதில் தேதி முந்தைய நாள்! ரூட்டருக்குள் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, எழுந்ததும் கடைசியாகத் திருத்திய ஃபைலின் நேரத்தை எடுத்துக்கொண்டு, இணையம் கிடைத்த பிறகுதான் சரி செய்துகொள்ளும். லாக் படிக்கிறவர்கள் இதில் மிரண்டுவிடக் கூடாது. பாதியில் நின்ற லாகுக்கு இரண்டே காரணம்தான்: லினக்ஸின் மையமான கெர்னல் அப்படியே உறைந்து விழுந்திருக்க வேண்டும், அல்லது கரண்ட் போயிருக்க வேண்டும். யூபிஎஸ் இருக்கிறதே, கரண்ட் எங்கே போகும் என்று நினைத்தேன். டிரைவர்தான் கெர்னலையும் சேர்த்துச் சாய்க்கிறது என்று முடிவு கட்டினேன். எனக்குப் பிடித்த குற்றவாளியை விட மனசில்லை.

ஒவ்வொரு தடவையும் டிரைவரை நீக்கி வேறொன்று போடுவதற்குப் பதில் நானே ஒரு இமேஜ் (ரூட்டரில் ஏற்றுகிற முழு ஃபர்ம்வேர் ஃபைல்) செய்துவிடலாம் என்று இமேஜ் பில்டரை இறக்கினேன். எந்தப் பொதி வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு வரி கொடுத்தால் அது கட்டித் தந்துவிடும், கூடவே நாம் கொடுக்கிற கான்ஃபிக் ஃபைல்களையும் உள்ளே வைத்துச் சுடும். இங்கேதான் மாட்டினேன். உள்ளே வைப்பதற்கு எடுத்த நெட்வொர்க் ஃபைல் என் முந்தைய ரூட்டரின் பேக்கப்பில் இருந்து வந்தது, அதில் லேன் போர்ட்டின் பெயரே வேறு. ஏற்றினேன். ரூட்டர் எழுந்தது, விளக்குகள் எரிந்தன, கேபிளில் ஒன்றும் வரவில்லை. வைஃபை வழியாகப் போகலாமென்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியில் வைஃபை ஆரம்பத்தில் அணைத்துத்தான் இருக்கும். சரி, ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்துவோம் என்று அழுத்தினால் அதே நிலைமை. யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் ஆகும். ரீசெட் என்பது மேலே எழுதிய மாற்றங்களை மட்டும்தான் துடைக்கும், அடியில் இருக்கிற அசல் இமேஜைத் தொடாது, நான் தப்பையே அசலில் வைத்துச் சுட்டிருக்கிறேன். எத்தனை தடவை துடைத்தாலும் அதே தப்பு புத்தம் புதிதாக வந்து நிற்கும். (முழு ஃபைலாக வைக்காமல், முதல் பூட்டில் ஒரே ஒரு தடவை ஓடி மறைகிற சின்ன ஸ்கிரிப்டாக வைக்க வேண்டும், யூசிஐ டிஃபால்ட்ஸ் என்று அதற்கு ஒரு ஃபோல்டரே இருக்கிறது. இதை நான் படித்தது மறுநாள்.)

ஃபெயில்சேஃப் என்று ஒரு வழி உண்டு. பூட் ஆகும்போது விளக்கு வேகமாக மினுக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் பட்டனை அழுத்தினால், நம் கான்ஃபிக் எதையும் பார்க்காமல் 192.168.1.1 என்ற முகவரியில் கதவைத் திறந்துவிடும். நான்கு தடவை முயன்றேன், நான்கு தடவையும் ஒன்று முந்திவிட்டேன், இல்லை பிந்திவிட்டேன். பொறுமை போய்க் கடைசி ஆயுதத்துக்கு வந்தேன், கேபிள் வழியாக ஃபைலை அனுப்புகிற டிஎஃப்டிபி என்ற எளிய முறை.

இந்த ரூட்டரின் பூட்லோடரில் ஒரு பழக்கம் இருக்கிறது. ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி பவர் போட்டால், தன்னை 192.168.0.86 என்று வைத்துக்கொண்டு, 192.168.0.66-இல் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். இருந்தால், ஒரு குறிப்பிட்ட பெயரில் ஃபைலைக் கேட்டு வாங்கித் தானே எழுதிக்கொள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டி எந்த லட்சணத்தில் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை, ஏனென்றால் அது அதற்கும் முன்னால் ஓடுகிற நிரல். லேப்டாப்புக்கு .66 கொடுத்தேன், கம்பெனியின் அசல் ஃபர்ம்வேரை இறக்கி அந்தப் பெயரை வைத்தேன், டைனிங் டேபிளில் ரூட்டரை வைத்து மனைவியின் சேஃப்டி பின்னை வைத்து ரீசெட் ஓட்டையைக் குத்திக்கொண்டு பவரைப் போட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடியும். ஒன்றும் இல்லை. கேபிளில் என்ன போகிறது என்று காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து பார்த்தால் கேள்வியே காணோம். ரூட்டரை அணைத்துப் போடும்போது லேப்டாப்பின் லேன் போர்ட்டும் விழுந்து எழுகிறது, விண்டோஸ் அதைக் கவனித்துச் சுதாரிப்பதற்குள் ரூட்டர் கேட்டு முடித்துவிடுகிறது. நடுவில் ஒரு பழைய ஐந்து போர்ட் ஸ்விட்சை வைத்தேன். இப்போது லேப்டாப்பைப் பொறுத்தவரை கேபிள் எப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. கேள்வி வந்தது! ஃபைலையும் கேட்டது! ஆனால் என் டிஎஃப்டிபி சர்வர் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்கிறது. விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருந்ததால், நான் பெயர் மாற்றும்போது .bin.bin என்று இரண்டு தடவை விழுந்திருக்கிறது. திருத்தினேன். ஏழாவது தடவை, சின்னதாக ஒரு கோடு நூறு சதவீதம் வரை ஓடியது. பின்னைக் கீழே வைத்தபோது கட்டைவிரலில் குழி விழுந்திருந்தது.

மணி ஏழு. வீட்டுக்கு நெட் வேண்டும், எனக்குத் தெம்பு இல்லை. இன்றைக்குக் கம்பெனி ஃபர்ம்வேரிலேயே ஓடட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ரூட்டரை ஷோகேஸ் மேல் ஏற்றக்கூட இல்லை, டைனிங் டேபிளிலேயே கிடந்தது.

எட்டு இருபதுக்குத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், தட்டுக்கு ஒரு சாண் தள்ளி ரூட்டர். அத்தனை விளக்கும் ஒரே சமயத்தில் பொட்டென்று அணைந்தது. ஒரு நொடி. அப்புறம் பவர் விளக்கு மட்டும் மினுக்க ஆரம்பித்தது. அதில் ஓடுவது கம்பெனியின் ஃபர்ம்வேர். ஏதெ10கேயும் இல்லை, சிடியும் இல்லை, என் கைவரிசை எதுவுமே இல்லை.

மகளிடம் மெல்லக் கேட்டேன். "அது முன்னாடியும் போகும்ப்பா. நான் மொபைல் டேட்டா ஆன் பண்ணிப்பேன்." எப்போதிலிருந்து? "காலாண்டுப் பரீட்சை அப்பவே." அதாவது நான் ரூட்டரில் கை வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே. அன்றைக்கெல்லாம் ஷோகேஸ் மேலே எட்டாத உயரத்தில் இருந்த பெட்டியை யாரும் பார்க்கவில்லை, போனால் அரை நிமிடத்தில் வந்துவிடும், யாரும் கணக்கு வைக்கவில்லை. நான் புதிதாக ஒன்றைப் போட்ட பிறகுதான் ஒவ்வொரு தடவை போவதும் எல்லோர் கண்ணிலும் பட்டது. நோட்டில் எத்தனையோ எண்கள் எழுதி வைத்தேனே, பழைய ஃபர்ம்வேருக்கு ஒரு முறைகூடத் திரும்பிப் போய் இதே மாலை நேரத்தில் இதைப் பார்க்கவில்லை. கடைசியில் என் தப்பு என்னை அங்கே தள்ளிக்கொண்டு போய் விட்டது.

அடாப்டரில் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. மல்டிமீட்டரை வெறுமனே வைத்தால் 12.2. இதை வைத்து நல்லது என்று முடிவு செய்தால் போச்சு, சுமை ஏறும்போது அளக்க வேண்டும். சிசிடிவி கேமராக்காரர்கள் பயன்படுத்துகிற, ஸ்க்ரூ வைத்து வயர் மாட்டுகிற டிசி ஜாக் ஒரு ஜோடி வாங்கி அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் போட்டு அங்கே மீட்டரை வைத்தேன். எல்லோர் போனிலும் ஸ்பீட் டெஸ்ட் போடச் சொன்னேன், அம்மாவும் உற்சாகமாகக் கலந்துகொண்டார். 11.4, 10.9, இரண்டு ரேடியோவும் சேர்ந்து கத்த ஆரம்பித்ததும் 9.8, விளக்கெல்லாம் போய்விட்டது. மாலையில் மட்டும் ஏன் என்பதற்கும் அதுதான் விடை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம் அது. யூபிஎஸ் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, அது கொடுத்த 230 வோல்டை வாங்கி 12 ஆக்க வேண்டியவன்தான் நடுவில் தள்ளாடினான். பிளக்கில் இருந்து பிடுங்கி ஒரு நாள் விட்டுவிட்டுத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கெபாசிட்டர் தலை உப்பிப்போய்ப் பூரி மாதிரி நின்றது.

ரிச்சி தெருவுக்குப் போய் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கேட்டபோது கடைக்காரர் முதல் கேள்வியாக, "பின்னு ரெண்டு ஒண்ணா, ரெண்டு அஞ்சாண்ணா?" என்றார். வெளி விட்டம் இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர்தான், உள் ஓட்டை 2.1-உம் உண்டு, 2.5-உம் உண்டு, தப்பாக வாங்கினால் ஒன்று நுழையாது, இல்லை லூசாக உட்கார்ந்து தொட்டால் போகும். நல்லவேளை, பழைய அடாப்டரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். ரூட்டர் பெயரை ஏன் சொல்லவில்லை என்றால் இதனால்தான். ஐந்து வருடம் இரவும் பகலும் சுடச்சுட ஓடிய அடாப்டருக்காக ஒரு கம்பெனியின் பெயரைக் கெடுக்க வேண்டாம்.

மறுநாளே ஓப்பன்டபிள்யூஆர்டியைத் திரும்பப் போட்டேன், இந்தத் தடவை வெளியீட்டில் வருகிற இமேஜ் அப்படியே, சிடி டிரைவரோடு. சேனலை 36-க்கு மாற்றிவிட்டேன், கூட்டம்தான், ஆனால் எழுந்தவுடன் பேசுகிறது. இதை எழுதும்போது அப்டைம் 41 நாள். மனைவி இன்னும் "நீங்க கை வைச்சப்புறம்" என்றுதான் ஆரம்பிக்கிறாள், அடாப்டர் கதையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். புதுத் திருத்த வெளியீடு ஒன்று வந்து கிடக்கிறது, சிஸ்அப்கிரேடு ஃபைலை இறக்கி ஷா256 பார்த்து வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போகும்போது ஏற்ற வேண்டும்.